வண்டிக்கு 54,000, தலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை

நவரை நெல்லுக் காசு வங்கிக் கணக்குல ஏறின கையோட, ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு ஆசையை முடிச்சேன். வண்டி வாங்கிட்டேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஊருக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தா, கோயில் திண்ணையில உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

“இன்னா நைனா, எவ்ளோ ஆச்சு?”

சொன்னேன். மூன்றரை லட்சத்துக்குப் பக்கம்.

“பின்னாடி ஒரு மூட்ட யூரியா வெச்சா தாங்குமா?”

“தாங்கும் பெரிப்பா.”

“அப்ப சரி, போ.”

அவ்வளவுதான் அவர் பரிசோதனை. அன்னிக்கு ராத்திரி சென்னை நண்பர்கள் போன்ல கேட்டது வேற. “விண்ட்ஸ்கிரீன் மாத்திட்டீங்களா? பெட்டி அலுமினியமா, பிளாஸ்டிக்கா? எக்ஸ்ட்ரா லைட் போடலையா?” வண்டி வாங்கி முழுசா பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலை. அதுக்குள்ள அது குறையுள்ள வண்டியா ஆயிடுச்சு.

ஆறு மாசம் ஓட்டினப்புறம் சொல்றேன். பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த வண்டியில யாரை, எதை, எந்த ரோட்டுல ஏத்திக்கிட்டுப் போகப் போறோம்? இதுக்குப் பதில் தெரியாம வாங்குற ஒவ்வொரு சாமானும் வீண். இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். நீங்க ஓசியில கத்துக்குங்க.

கணக்கு

எங்க ஊர் குடவோலைக் கல்வெட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919, 921-ஆம் ஆண்டுகள்ல வெட்டினது. கால்வேலி நிலம் இருக்கணும், 35 வயசுக்கு மேல 70-க்குள்ள இருக்கணும்னு அதுல வர்ற தகுதிகளை எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது தகுதி இல்லாதவங்க பட்டியல். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கவே முடியாது. அவன் சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. இந்த ஊர்க்காரன் கணக்குக் காட்டாம யோசனை சொல்லக் கூடாது இல்லையா? இதோ என் கணக்கு.

உயரமான விண்ட்ஸ்கிரீன் 4,500. கூடுதல் லைட் ரெண்டு, வயரிங் கூலியோட 9,500. அலுமினியப் பெட்டி ரெண்டு, அதை மாட்டுற ஃப்ரேமோட 28,000. கிராஷ் கார்டு 6,000. ஹேண்ட் கார்டு 3,500. போன் ஹோல்டர், சார்ஜரோட 2,500. மொத்தம் 54,000 ரூபாய். வண்டி வந்த மூணாவது வாரத்துல, சென்னையில ஒரு கடையில, ஒரே நாள்ல மாட்டிக்கிட்டு வந்தது. அப்போ வண்டி 600 கிலோமீட்டர்கூட ஓடலை.

இதுல இன்னிக்கும் வண்டியில இருக்கிறது கிராஷ் கார்டு, ஹேண்ட் கார்டு, போன் ஹோல்டர். 12,000 ரூபாய். மீதி 42,000 ரூபாய் சாமான் கழட்டியாச்சு. நவரையில ரெண்டு ஏக்கருக்கு எல்லாச் செலவும் போக என் கையில நின்ன காசு அது.

அதைவிட வெக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த 54,000-த்துல என் தலைக்குன்னு ஒரு ரூபாய் இல்லை. தலையில இருந்தது பழைய டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு வாங்கின, உள்ள பஞ்சு நஞ்சுபோன 900 ரூபாய் ஹெல்மெட். பின்னாடி உட்கார்ற வீட்டம்மாவுக்கு அதுவும் இல்லை, பக்கத்து வீட்டுல இரவல்.

பக்கத்துலயே பிறந்த வண்டி

இந்த வண்டிமேல எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோட சேர்ந்து திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச கதை உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்துல அந்தக் கம்பெனி மூடிப்போச்சு, நம்ம ஊர்ல நிலைச்சுது. 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால்னு புது ஆலைகள் வந்தது எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துல. எங்க பக்கத்துல இருந்து விடியற்காலையில கம்பெனி பஸ் ஏறிப் போற பசங்கள்ல பாதிப் பேருக்கு ஒரகடம்தான் கழனி. நாத்து நட ஆள் கிடைக்காததுக்கு ஒரு காரணமும் அதுதான். ஆள் போன இடத்துல இருந்து வண்டியாவது வரட்டுமேன்னுதான் சில சமயம் நினைச்சுக்குவேன்.

பேர் ஹிமாலயன். ஓடுறது வாலாஜாபாத், மதுராந்தகம், வந்தவாசி ரோட்டுல. இந்த முரண்பாட்டைக் கவனிங்க, ஏன்னா கடைக்காரர் உங்களுக்கு விக்கிறது லடாக்குக்கான சாமான். உங்களுக்குத் தேவை உங்க ரோட்டுக்கான சாமான்.

எங்க ரோடு எப்படின்னா, சுத்துவட்டாரம் முழுக்கக் கல்குவாரி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்தின டிப்பர் லாரி ராத்திரி பகலா ஓடும். எதிர்ல ஒரு டிப்பர் நம்மைத் தாண்டுற நொடியில காத்து மார்ல கையை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும். கூடவே தார்ப்பாய் மூடாத லாரியில இருந்து மணல் கண்ணுல அடிக்கும். சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டுல போனா பூச்சி மழை. வைரமேக தடாகம்னு பல்லவர் காலத்துப் பேரு எங்க பெரிய ஏரிக்கு. அது தளும்புற வருஷம், வாயைத் திறந்துக்கிட்டு வண்டி ஓட்டினா ராத்திரிச் சாப்பாடு தேவையில்லை. சித்திரை, வைகாசியில காத்து அடுப்புல இருந்து வர்ற மாதிரி வரும்.

அதனால காத்துத் தடுப்பு தேவையில்லைன்னு நான் சொல்லலை. ரொம்பத் தேவை. தடுப்புன்னதும் நேரா உயரமான கண்ணாடிதான்னு நினைச்சேன் பாருங்க, அதுதான் தப்பு.

காத்து எப்படி வேலை செய்யுது

வேகம் ரெண்டு மடங்கானா, காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். 60-ல போறப்ப நெஞ்சுல படுற காத்து, 90-ல போனா ரெண்டேகால் மடங்கு. 120-ல போனா நாலு மடங்கு. உயரமான விண்ட்ஸ்கிரீன் எல்லாம் ஐரோப்பாவுல நாள் முழுக்க 130, 140-ல போறவங்களுக்காகப் பிறந்த சாமான். நம்ம நாட்டுல நாலுவழிச் சாலையில பைக்குக்கு உச்ச வேகம் 80-னு மத்திய அரசு 2018-ல் அறிவிச்சுது. சட்டப்படி ஓட்டினா பாதிக் காத்து தானாவே குறைஞ்சிடும், பைசா செலவில்லாம. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

அடுத்தது, கண்ணாடி காத்தை நிறுத்துறது இல்லை, தூக்கி மேல விடுது. வாய்க்கால் தண்ணிக்குக் குறுக்க பலகை வெச்சா என்ன ஆகும்? பலகையோட விளிம்புல தாண்டுற தண்ணி சுழி போட்டுக்கிட்டுத்தான் விழும். காத்தும் அப்படித்தான். கண்ணாடி விளிம்பைத் தாண்டினதும் சுழல் சுழலா வரும். அந்தச் சுழல் எங்க வந்து விழுதுங்கிறதுதான் முழுக் கதையும். நம்ம தலைக்கு மேல போயிட்டா நிம்மதி. நெஞ்சுல விழுந்தாலும் பரவாயில்லை. நேரா ஹெல்மெட்ல விழுந்தா, தலையை யாரோ ரெண்டு பக்கமும் பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கும்.

நான் அஞ்சடி ஆறு அங்குலம். வண்டியோட வந்த சின்னக் கண்ணாடியில காத்து நெஞ்சுல பட்டுது, தலைக்குச் சுத்தமான காத்து வந்துது. நான் மாட்டின உயரமான கண்ணாடியோட விளிம்பு சரியா என் மூக்கு உயரத்துக்கு வந்துது. சுழல் அத்தனையும் ஹெல்மெட்லதான். அதே கண்ணாடி அஞ்சே கால் அடி ஆளுக்கு அருமையா இருந்திருக்கலாம். ஆக, “எந்த விண்ட்ஸ்கிரீன் நல்லது?”ங்கிற கேள்விக்குப் பதில் கிடையாது. செருப்பு மாதிரி அது. உங்க உயரம், சீட் உயரம், உங்க ஹெல்மெட், மூணும் சேர்ந்து முடிவு பண்ணும்.

இன்னொரு சங்கடம், கண்ணாடி மூக்கு உயரத்துல இருந்தா அதுக்குள்ள ஊடுருவித்தான் ரோட்டைப் பார்க்கணும். ஒரு மாசத்துல மணலடிச்சுக் கீறல் விழுந்துது. மழையில, எதிர் லைட்ல, பூச்சி அப்பின சாயங்காலத்துல, ரோடு தெரியாது. கண்ணாடிக்கு மேலால ரோட்டைப் பார்க்கணுமே தவிர, கண்ணாடி வழியாப் பார்க்கக் கூடாது.

ஆடிக் காத்து

ஊருக்குள்ள 50, 60-ல சுத்தின வரைக்கும் இது எதுவும் உறைக்கலை. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குக் கன்னியாகுமரியில தர்ப்பணம் கொடுக்கணும்னு கிளம்பினோம், நானும் வீட்டம்மாவும். “ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, நீ வண்டிய எடுத்துக்கினு கிளம்பிட்ட”ன்னு தம்பி முணுமுணுத்தான். கழனியை அவன்கிட்ட விட்டுட்டுப் போனோம். போக 650 கிலோமீட்டர் பக்கம். நடுவுல மதுரையில தங்கல்.

திருச்சி போறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கிச்சு. 85-ல போனா தலை ஆடுது, 70-க்கு இறங்கினா சரியாகுது. அது சாதாரணக் கஷ்டம். நிஜமான பாடம் நாங்குநேரி தாண்டினதும் ஆரம்பிச்சுது.

அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை முடியற இடத்துல ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காத்து அந்தச் சந்து வழியாப் புகுந்து வருது. அத்தனை காத்தாடி ஆலைகளை அங்க நட்டிருக்கிறது சும்மா இல்லை. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு பழமொழி சொல்ற மாசத்துல, முன்னாடி ஒரு பாய்மரம், பின்னாடி ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டின்னு கட்டிக்கிட்டு நான் அங்க போயிருக்கேன்.

தெற்கே போகும்போது காத்து வலப்பக்கம் அடிச்சுது. வண்டியை வலது பக்கம் சாய்ச்சுக்கிட்டே நேரா ஓட்ட வேண்டியிருந்துது. பயமா இருந்தாலும் சமாளிச்சோம். தர்ப்பணம் முடிஞ்சு மறுநாள் திரும்பும்போது காத்து இடப்பக்கம். முன்னாடி ஒரு நீளமான லாரி. தாண்டலாம்னு வலப்பக்கம் எடுத்தேன். லாரி பக்கத்துல போனதும் அது காத்தை மறைச்சிடுச்சு. நான் காத்துக்கு எதிரா இடது பக்கம் சாஞ்சுக்கிட்டு இருக்கேன், காத்து திடீர்னு இல்லை. வண்டி லாரியைப் பார்த்து இழுத்துது. பின் சக்கரத்துக்கும் எங்க பெட்டிக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். பதறி நேர் பண்ணி லாரி மூஞ்சியைத் தாண்டின நொடி, மறைச்சு வெச்சிருந்த காத்து மொத்தமும் ஒரே அறையா அறைஞ்சுது. அடுத்த பக்கம், நடு மீடியன்கிட்ட போய் நின்னோம்.

வீட்டம்மா எதுவும் பேசலை. அரை கிலோமீட்டர் தள்ளி ஓரமா நிறுத்தினதும் இறங்கி, பெட்டியை ஒரு தட்டு தட்டி, “இத்த எதுக்குங்க மாட்டின? நாலு துணி, ஒரு சொம்பு. மஞ்சப் பையில அடங்கிடும்”னு மட்டும் சொன்னாங்க.

அவங்க சொன்னது சரியான பொறியியல். பக்கவாட்டுல அகலம் கூடக் கூட, பக்கக்காத்துக்குப் பிடி கிடைக்குது. உயரமான கண்ணாடி முன் சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும், பெட்டி பின்பக்கத்தைத் தள்ளும். பின் அச்சுக்குப் பின்னால எடை ஏறினா முன் சக்கரம் லேசாகும், இன்னும் ஆடும். எதிர்க்காத்தைத் தடுக்க நான் வாங்கினது, பக்கக்காத்துக்கு என்னை விட்டுக் கொடுத்துடுச்சு. லாரியைத் தாண்டுறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பார்த்து, போதுமான இடம் விட்டு, பிடியை இறுக்காம தாண்டணும்னு இப்ப தெரியும். ரொம்ப அடிச்சா தாண்டவே வேண்டாம், பின்னாடியே போகலாம். அன்னிக்குத் தெரியலை.

காது

ஊருக்கு வந்து ரெண்டு நாள் காதுல ஙொய்ங்னு ஒரே சத்தம். செங்கல்பட்டுல காது டாக்டர்கிட்ட போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள்ள உட்கார வெச்சு விதவிதமா சத்தம் கொடுத்துப் படம் போட்டாங்க. மெல்லிசான உச்சஸ்தாயிச் சத்தம் வர்ற இடத்துல கோடு கிணறு மாதிரி இறங்கியிருந்துது. “என்ன வேலை பார்க்கிறீங்க?”ன்னு கேட்டார். இருபத்தஞ்சு வருஷமா டிராக்டர்னு சொன்னேன். தலையாட்டினார். போனது போனதுதான், திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்குங்கன்னார்.

யோசிச்சுப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது, ராத்திரிக் கழனியில சில்வண்டுச் சத்தம் எனக்கு இடது காதுல கேட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு. வயசாயிடுச்சு, பூச்சிமருந்து அடிச்சு அடிச்சு வண்டே குறைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வண்டு இருக்கு. காதுதான் இல்லை.

பைக்ல நம்ம காதைக் கெடுக்கிறது சைலன்சர்னு நினைக்கிறோம். 60, 65 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஹெல்மெட்டைச் சுத்தி ஓடுற காத்துச் சத்தம் எஞ்சின் சத்தத்தை மிஞ்சிடும். 100-ல 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலைக் கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் எல்லை. அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88-ல நாலு மணி, 91-ல ரெண்டு மணி. நான் ரெண்டு நாள் போய், ரெண்டு நாள் வந்தேன், அதுவும் சுழல் காத்து நேரா ஹெல்மெட்ல மோதுற மாதிரி கண்ணாடி மாட்டிக்கிட்டு.

இதுக்கு மருந்து மெடிக்கல் கடையில கிடைக்கிற பஞ்சு மாதிரி காதடைப்பான். ஒரு ஜோடி 30 ரூபாய். விரல்ல உருட்டி, காதுல வெச்சு, விரியற வரைக்கும் பிடிச்சுக்கணும். காத்து இரைச்சல் அடங்கும். லாரி ஹார்ன் கேட்கும், பின்னாடி இருந்து வீட்டம்மா தோள்ல தட்டிக் கூப்பிடுறதும் தெரியும். 4,500 ரூபாய் கண்ணாடி செய்யாத வேலையை 30 ரூபாய்ப் பஞ்சு செஞ்சுது. இப்ப டிராக்டர்லயும் அதைத்தான் வெச்சுக்கிறேன்.

கம்பி எங்க?

பெட்டி மாட்டுற ஃப்ரேமுக்கு இடம் வேணும்னு கடையில புடவைக் கம்பியைக் கழட்டிட்டாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன். டூரிங் வண்டிக்குப் புடவைக் கம்பி அசிங்கம்னு ஒரு நினைப்பு. மறு வாரம் பெட்டியைக் கழட்டி வெச்சுட்டு, ஊர்ல ஒரு வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவை. தெரு முனை திரும்பறதுக்குள்ள முந்தானை பறந்து சக்கரத்துப் பக்கம் போயிடுச்சு. எதிர்ல வந்த பொண்ணு கத்தினதால தப்பிச்சோம். “இங்க கம்பி ஒண்ணு இருந்துச்சே, எங்கங்க?”ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரலை.

பின்னாடி உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் மிதி, உடை சக்கரத்துல மாட்டாம பாதிச் சக்கரத்தையாவது மூடுற தடுப்பு, இந்த மூணும் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. அழகுக்கு ஆகாதுன்னு நாம கழட்டி எறியறது, இன்னொருத்தரோட உயிருக்காக வெச்ச சாமான். வண்டியோட அசல் அமைப்பை மாத்துறதே சட்டப்பிரிவு 52-ல வரும்னு தெரிஞ்சுக்குங்க. என்னைக் கேட்டா, போலீசுக்காக வேண்டாம், புடவைக்காக வேண்டாம்னு சொல்லுவேன். நீளமான துப்பட்டாவும் அதேதான்.

லைட் கதையும் அப்படித்தான். ராத்திரி கொட்டகைக்குப் போகும்போது ரெண்டையும் எரிய விட்டுக்கிட்டுப் போனேன். எதிர்ல பால் கேனோட சைக்கிள்ல வந்த பெரியவர் கண்ணு கூசி ரோட்டை விட்டு மண்ணுல இறங்கிட்டார். விழலை, ஆனா கேன்ல பாதி கொட்டிப்போச்சு. பாலுக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கலை. ஒரு மாசம் கழிச்சு நெல் மூட்டைக்கு வந்த எலி அந்த லைட் வயரைக் கடிச்சு, மீதி வேலையை முடிச்சு வெச்சுது.

வெயிலும் சட்டையும்

பட்டணத்துப் பிள்ளைங்க மே மாசம் டி-ஷர்ட்டோட வண்டி ஓட்டுறாங்க, காத்து வாங்கினா சூடு தெரியாதுன்னு. நம்ம தோல் சூடு 35 டிகிரி பக்கம். காத்து அதைவிடக் குளிர்ச்சியா இருந்தாத்தான் உடம்புச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். 40 டிகிரிக் காத்து சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். வேர்வை மட்டும்தான் காப்பாத்துது, அந்த வேர்வையையும் காத்து நொடியில உறிஞ்சிடும். உடம்புல தண்ணி வத்துறதே தெரியாது, மயக்கம் வரும்போதுதான் தெரியும்.

எங்க ஊர்ல நடவு நடுற பொம்பளைங்களைப் பார்த்திருக்கீங்களா? உச்சி வெயில்ல புடவை மேல புருஷனோட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. சூடான காத்துக்கும் வெயிலுக்கும் உடம்பைக் காட்டக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும். வலைத் துணியில செஞ்ச ரைடிங் ஜாக்கெட் அதே வேலையைத்தான் செய்யுது, கூடவே தோள், முழங்கைக்கு அட்டையும் இருக்கு. உள்ள பனியனை நனைச்சுப் போட்டுக்கிட்டா ஒரு மணி நேரம் தாங்கும். பனியன் காய்ஞ்சா நிறுத்து, தண்ணி குடி, மறுபடி நனை. எனக்குக் கிடைச்ச காத்துத் தடுப்புலயே சிறந்தது இந்த ஜாக்கெட்தான்.

இப்ப என்ன இருக்கு

கிராஷ் கார்டு இருக்கு. 196 கிலோ வண்டி, களத்து மேட்டு ஈர மண்ணுல நின்ன நிலையிலேயே ரெண்டு தடவை சாஞ்சுது. எஞ்சினைக் காப்பாத்திச்சு. ஹேண்ட் கார்டு இருக்கு. ஏரிக்கரைப் பாதையில சீமைக்கருவேல முள்ளு கையைக் கிழிக்காம இருக்குன்னா அதனாலதான், குளிர்காத்தும் மழையும் விரல்ல நேரா அடிக்காது. பெட்டிக்குப் பதிலா ரெண்டு துணிப் பை, உள்ள தண்ணி புகாம இருக்க கனமான பிளாஸ்டிக் உறை, எங்களுக்குத் தாராளம். புடவைக் கம்பி திரும்ப ஏறிடுச்சு. வண்டியோட வந்த சின்னக் கண்ணாடியும் ஏறிடுச்சு. அந்த உயரக் கண்ணாடி கோழிக்கூண்டு மேல சாரல் அடிக்காம நிக்குது. கோழிக்குச் சரியான உயரம்.

தலைக்கு ரெண்டு நல்ல ஹெல்மெட் வாங்கினோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது, கன்னம் ரெண்டும் அழுந்துற அளவுக்கு இறுக்கமானது. லூசான ஹெல்மெட்தான் காத்துல அதிகம் ஆடும், அதிகம் கத்தும். அவங்களோடதை அவங்களே போட்டுப் பார்த்து எடுத்தாங்க.

“காசு இருக்கு, ஆசைப்பட்டு மாட்டுறோம், உமக்கென்ன?”ன்னு சில பேர் கேட்பீங்க. ஆசைக்கு மாட்டுங்க, தப்பில்லை. எங்க தாத்தா மாட்டுக் கொம்புக்குப் பித்தளைக் குப்பி போட்டார், கழுத்துக்குச் சலங்கை கட்டினார். ஆனா அதுக்கு முன்னாடி லாடம் அடிச்சார். நுகத்தடி கழுத்தை அறுக்குதான்னு தடவிப் பார்த்தார். குப்பியைப் பாதுகாப்புன்னு சொல்லி யாரும் அவருக்கு விக்கலை. எனக்கு வித்தாங்க, நானும் நம்பினேன்.

புது வண்டி வாங்கினவங்களுக்கு என் யோசனை இதுதான். முதல்ல உங்க தலை, காது, கை, உடம்பு. அடுத்தது பின்னாடி உட்கார்றவங்களுக்கும் அதே அளவு. அப்புறம் 1,500 கிலோமீட்டர் எதையும் மாட்டாம ஓட்டுங்க. காத்து தொல்லை பண்ணினா ஆளில்லாத நல்ல ரோட்டுல 60, 70-ல ஒரு சின்னப் பரிசோதனை. சீட்டைவிட்டு ஒரு கை அளவு எழும்பிப் பாருங்க, அப்புறம் ஒரு கை அளவு குனிஞ்சு பாருங்க. எழும்பினதும் இரைச்சல் அடங்கினா, கண்ணாடி விளிம்புச் சுழல்தான் தலையில விழுது, கண்ணாடி குட்டையாகணும். குனிஞ்சாத்தான் அடங்குதுன்னா கொஞ்சம் உயரம் தேவை. அதுவும் நண்பர்கள்கிட்ட இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.

சம்பா நட்டாச்சு. தை பிறந்து அறுப்பு முடிஞ்சதும் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு நடை போகலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். இந்தத் தடவை சாமான் பட்டியலை எழுதுறது வீட்டம்மா. இதுவரைக்கும் அதுல மூணே வரி. தண்ணி, துண்டு, காதடைப்பான் நாலு ஜோடி.